கொமரலிங்கத்துக் கரடும் என் வலது காலும்

நம் சைக்கிள் குழுமத்தில் இருப்பவர்களுக்கு, முழங்காலுக்குக் கீழே என் வலது கால் இல்லை என்பது தெரியும். கால் முறிந்ததைப் பற்றி ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடியே ஒரு பதிவு எழுதியிருந்தேன். "தல, நீங்க சிங்கம்", "படிச்சுட்டு கண்ணு கலங்கிடுச்சு" என்று பின்னூட்டங்கள் குவிந்தன. நான் எழுதிய எந்தப் பயணக் கட்டுரைக்கும் அவ்வளவு வந்ததில்லை. அந்தப் பதிவில் ஆபரேஷன், மருந்து, மயக்க ஊசி எல்லாம் சரிதான். முக்கியமான ஒன்று மட்டும் பொய். இப்போது செயற்கைக் கால் ஓரளவு பழகிவிட்டது, வேலைக்கும் போகிறேன். அதனால் முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்கிறேன். சிங்கம் என்றவர்கள் கடைசி வரை படித்துவிட்டு, நான் எந்த மிருகம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு மெயில் போடுவதும், சாம்பிள் அனுப்புவதும், அவன் திட்டினால் அதைத் தமிழாக்கித் தையல்காரர்களைத் திட்டுவதும் என் வேலை. வாரம் முழுக்கத் திட்டு வாங்கியவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வீரம் தேவைப்பட்டது. கோயமுத்தூரில் செகண்ட்ஸில் ஒரு மலைச் சைக்கிள் வாங்கினேன். இருபத்தொரு கியர், முன்னால் சஸ்பென்ஷன், முள்ளு முள்ளான டயர். வாய்க்கால் கரை, காற்றாலைக் காத்தாடி ரோடு, ஆட்டுத்தடம் என்று ஒன்றையும் விடவில்லை. ஓட்டியதை எழுதவும் ஆரம்பித்தேன்.

என்னோடு வந்தவன் ஜெபராஜ். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், என் மாமனாரின் எலாஸ்டிக் யூனிட்டில் தறி ஓட்டினான். ஜட்டிக்கும் டவுசருக்கும் வைத்துத் தைக்கும் எலாஸ்டிக் பட்டை நெய்கிற யூனிட். அவனிடம் இருந்தது ரூமுக்கும் கம்பெனிக்கும் போய்வரும் சாதாரணச் சைக்கிள். கியர் கிடையாது, பின்னால் கேரியர் உண்டு. ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு ஓடி வருவான். என் பதிவுகளில் அவனுக்கு நான் வைத்த பெயர் "கடைசி வண்டி". அவன் பேசும் தென்பாண்டித் தமிழை அப்படியே எழுதிக் கிண்டல் செய்வேன். இறக்கத்தில் அவன் சிலுவை போட்டுக்கொள்வதை வைத்தே ஒரு முழுப் பதிவு தேற்றினேன். வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு நாள் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போய் அதை அவனுக்கே படித்துக் காட்டினேன். "நல்லா எழுதியிருக்கீங்கண்ணே" என்று சிரித்தான். அதன் பிறகு மூன்று ஞாயிறு அவன் வரவில்லை. ஓவர்டைம் என்றான். நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். எனக்கு அப்படி நம்புவது வசதியாக இருந்தது.

நான்காவது ஞாயிறு வந்தான். முதல் பஸ்ஸின் கூரையில் சைக்கிள்களை ஏற்றி, தன் பையில் இருந்த எலாஸ்டிக் சுருளால் கட்டினான். எங்கள் ஊரில் கயிறு வாங்குகிறவன் ஏமாளி. கம்பெனிக் கழிவில் வரும் எலாஸ்டிக்கால்தான் டிபன் பாக்ஸ், தண்ணீர்க் குடம், ஓடிப்போகும் கோழி எல்லாவற்றையும் கட்டுவோம். உடுமலைப்பேட்டையில் இறங்கி, காத்தாடிகளுக்கு நடுவே போகும் மண் ரோட்டில் ஓட்டிக்கொண்டு கொமரலிங்கத்துக்குத் தெற்கே ஒரு கரட்டுக்குப் போனோம். கரடு என்றால் மலை என்று சொல்லக் கூச்சப்படும் அளவுக்குச் சின்ன மலை. அதன் உச்சியிலிருந்து தென்னந்தோப்பு வரை ஆடுகள் போட்ட தடம் ஒன்று இறங்குகிறது. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பாறைப் படி. அதில் சைக்கிளோடு குதித்து இறங்குகிற மாதிரி எனக்குப் படம் வேண்டும்.

ஜெபராஜைக் கீழே என் செல்போனோடு நிறுத்தினேன். முதல் தடவை சரியாக இறங்கினேன், படம் கலங்கிவிட்டது. இரண்டாவது தடவையும் இறங்கினேன், படத்தில் என் தலை இல்லை. "தறிதான் ஓட்டத் தெரியும், ஒரு பட்டனை அமுக்கத் தெரியாதா?" என்று கத்தினேன். மூன்றாவது தடவை முன் சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டியது. நான் ஒரு பக்கம், சைக்கிள் என் காலின் மேல். பச்சைக் கரும்பை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

தோல் கிழியவில்லை, ரத்தம் இல்லை. ஆனால் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், மடங்கக் கூடாத இடத்தில் கால் மடங்கியிருந்தது. ஜெபராஜ் தோப்புக்கு ஓடி இரண்டு தென்னை மட்டைகளைக் கொண்டுவந்து காலின் இரண்டு பக்கமும் வைத்து, தன் எலாஸ்டிக்கால் கட்டினான். தளர்வாகத்தான் கட்டினான். தூக்கிப் பார்த்தபோது உள்ளே எலும்பு ஆடியது. நான் அலறினேன்.

"இறுக்குடா!"

"இதுக்கு மேல வேண்டாம்ணே. இது கயிறு கெடையாது. கெட்டுன பொறவும் இழுத்துக்கிட்டே இருக்கும். காலு வீங்குச்சுன்னா ரத்தம் ஓடாது."

"எனக்குப் பாடம் எடுக்காதே. சொன்னதைச் செய். இறுக்கு!"

இறுக்கினான். இன்னும் என்றேன், இன்னும் இறுக்கினான். எலும்பு ஆடுவது நின்றது. இதுதான் நடந்தது. இதை நான் வேறு எங்கும் இப்படி எழுதியதில்லை.

உடுமலையில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? ஆனால் நான் மாமனாருக்குப் போன் செய்தேன். அவர், "அங்கெல்லாம் போவேண்டாம் மாப்ள. நம்ம திருப்பூர்ல தெரிஞ்ச டாக்டர் இருக்காரு. சித்தெ இருங்க, வேன் அனுப்பறேன்" என்றார். எங்கள் ஆட்களுக்குப் பக்கத்தில் இருக்கும் டாக்டரை விடத் தெரிந்த டாக்டர்தான் பெரிய டாக்டர். வேன் அன்று ஷிப்மென்ட் பெட்டிகளை இறக்கிவிட்டு வந்தது. நாங்கள் தோப்பில் இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். வேனில் படுத்திருந்தபோது வலி தாங்க முடியவில்லை. முறிந்த இடத்தில் மட்டுமல்ல, கெண்டைச் சதை முழுக்க உள்ளேயிருந்து வெடிப்பது போல வலித்தது. "கொஞ்சம் அவுத்து விடட்டாண்ணே?" என்று ஜெபராஜ் இரண்டு தடவை கேட்டான். தொட்டாலே உயிர் போனது. கையை வைத்தால் செருப்பால் அடிப்பேன் என்றேன். அவிநாசிபாளையம் தாண்டியதும் வலி குறைந்து பாதம் மரத்துப்போனது. "பாத்தியா, கட்டு நல்லா பிடிச்சிருக்கு" என்று அவனையே பாராட்டினேன். கால் சாகத் தொடங்கிய நேரம் அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குள் போகும்போது சாயங்காலம் நான்கு மணி. எலும்பு டாக்டர் சின்ன வயதுக்காரர். எக்ஸ்ரேயைக்கூடப் பார்க்காமல் முதலில் கத்தரிக்கோலை எடுத்துக் கட்டை வெட்டினார். எலாஸ்டிக் அறுந்து சுருண்டு விழுந்தது. காலில் அதன் தடம் வரிவரியாக ஆழமாகப் பதிந்திருந்தது. பாதம் மெழுகு நிறத்தில் சில்லென்று இருந்தது. பெருவிரலைப் பிடித்து மேலே தூக்கினார். நான் கத்திய கத்தலில் வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு அவர் விளக்கியதை எளிமையாகச் சொல்கிறேன், சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குப் பயன்படும். முழங்காலுக்குக் கீழே சதையெல்லாம் நான்கு உறைகளுக்குள் இருக்கிறது. அந்த உறை விரியாது. எலும்பு முறிந்தால் உள்ளே ரத்தம் கசியும், சதை வீங்கும். வீங்க இடம் இல்லாவிட்டால் அழுத்தம் ஏறி ரத்தக் குழாயை நசுக்கும். சில மணி நேரத்தில் சதை செத்துவிடும். இதற்குக் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்று பெயர். வெளியே இறுக்கமாகக் கட்டும் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

"யாருங்க இதைக் கட்டினது?" என்று டாக்டர் கேட்டார். அறையில் மாமனார், என் மனைவி தேவி, அவள் அம்மாவான என் அத்தை எல்லோரும் நின்றார்கள். ஜெபராஜ் கதவுக்குப் பக்கத்தில் என் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு நின்றான்.

கையை நீட்டி அவனைக் காட்டினேன்.

பொய் இல்லையே, கட்டியது அவன்தானே என்று சிலர் சொல்லலாம். நானும் அப்படித்தான் என்னிடம் சொல்லிக்கொண்டேன். மாமனார் ஒரே எட்டில் போய் அவன் கன்னத்தில் அறைந்தார். "எலாஸ்டிக் ஓட்டறவன் நீ. அது இழுக்கும்னு உனக்குத் தெரியாதாடா? எம் மாப்பிள்ளையத்தான் கெடைச்சுதா உனக்கு?" ஜெபராஜ் என்னைப் பார்த்தான். நான் எக்ஸ்ரேயைப் பார்த்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் அப்போது ஸ்ட்ரெச்சரில் படுத்து முனகிக்கொண்டிருந்தது. மாமனார் அவ்வளவு ஓங்கி அறைந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. உடுமலையில் சேர்க்க வேண்டாம் என்று சொன்னவர் அவர்தான். அந்த அறையில் கன்னம் தேவைப்பட்டது எனக்கு மட்டுமில்லை.

அன்றே ஆபரேஷன். காலின் இரண்டு பக்கமும் முழ நீளத்துக்குக் கிழித்து, உறைகளைத் திறந்துவிட்டார்கள். தைக்காமல் திறந்தே வைப்பார்கள், சதை வீங்கி வெளியே வர இடம் வேண்டும். எலும்பு அசையாமல் இருக்க வெளியிலிருந்து கம்பிகளைக் குத்தி ஒரு சட்டம் மாட்டினார்கள். மறுநாள் கட்டுப் பிரித்தபோது நான் குனிந்து பார்த்தேன். நல்ல சதை சிவப்பாக இருக்கும், தொட்டால் துடிக்கும். டாக்டர் இடுக்கியால் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தார். பாதிக்கு மேல் துடிக்கவில்லை. வெந்த ஈரல் நிறத்தில் இருந்தது.

"கால் தங்குமுங்களா டாக்டர்?" என்று தேவி கேட்டாள்.

"இப்பச் சொல்ல முடியாதுங்க. செத்த சதையை எடுத்துக்கிட்டே வரணும். மிச்சம் பொழைச்சா காலும் பொழைக்கும். அவர் யூரின் கறுப்பாப் போகுது, அதான் எனக்கு பயம். செத்த சதையோட கழிவு கிட்னியில போய் அடைக்குது. காலா உயிரான்னு வந்தா என்னைக் கேக்காதீங்க, நான் உயிரைத்தான் எடுத்துக்குவேன்."

அடுத்த எட்டு நாட்கள் அந்த ஒரு கேள்வியிலேயே போயின. இரண்டு நாளுக்கு ஒரு முறை தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கொஞ்சம் வெட்டி எடுப்பார்கள். காலையில் ரத்தப் பரிசோதனை வரும். கிரியாட்டினின் என்று ஒரு எண், அது ஏறினால் கிட்னி படுத்துவிட்டது என்று பொருள். தேவி நர்ஸ் முகத்தைப் பார்த்தே எண்ணைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டாள். அவள் ஒவ்வொரு காலையும் வெந்நீரில் துணி நனைத்து என் இரண்டு பாதங்களையும் துடைப்பாள். வலது பாதத்தில் எனக்கு உணர்ச்சி இல்லை என்று தெரிந்தும் அதைத்தான் அதிக நேரம் துடைப்பாள். அத்தை தினமும் இட்லி கொண்டுவந்து, நான் சாப்பிடாததற்கு அழுது, தானும் சாப்பிடாமல் திரும்பக் கொண்டுபோவார். மாமனார் ஆஸ்பத்திரித் தலையணை கல்லாக இருக்கிறது என்று தன் வீட்டுத் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். நல்ல மனிதர்கள். இவ்வளவு நல்ல மனிதர்கள் சுற்றி நிற்கும்போது உண்மையைச் சொல்வது இன்னும் கஷ்டம்.

ஜெபராஜை மாமனார் வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அவன் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தான். அறைக்குள் விடமாட்டார்கள். கீழே மருந்துக் கடைக்குப் பக்கத்தில் நிற்பான். ரத்தம் வேண்டுமென்றபோது இரண்டு பேரைக் கூட்டிவந்து கொடுக்கவைத்தானாம். தேவிதான் சொன்னாள்.

"ஏனுங்க, எனக்கு ஒண்ணு புரியலைங்க. எலாஸ்டிக் இழுக்கும்னு அவருக்கு நம்மள விட நல்லாத் தெரியுமே. அப்புறம் எப்படிங்க அவ்வளவு இறுக்கினாரு?"

"பதட்டத்துல பண்ணிட்டான்" என்றேன். "விடு, பாவம்."

அந்தப் 'பாவம்' என்ற சொல்லை நான் சொன்ன அழகை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தேவி என் தலையைத் தடவினாள். போன வாரம்தான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். இன்றுவரை அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வைக்கிறாள்.

நான்காம் நாள், தேவியின் தம்பி கொண்டுவந்த லேப்டாப்பில் நீங்கள் எல்லோரும் படித்த அந்தப் பதிவை எழுதினேன். அதில் "கடைசி வண்டி" ஆர்வக் கோளாறில் எலாஸ்டிக்கை இறுக்கிக் கட்டிவிட்டதாகவும், நான் வலியில் மயங்கிக் கிடந்ததால் தடுக்க முடியவில்லை என்றும் எழுதினேன். "அவனை நான் வெறுக்கவில்லை" என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரிக்குத்தான் நீங்கள் அதிகம் உருகினீர்கள். ஒருவர், "இப்படிப்பட்ட முட்டாள்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்" என்று அறிவுரை சொல்லியிருந்தார். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு. இந்தக் குதிரைக்குச் சாக்காக ஒரு மனிதனே கிடைத்தான்.

ஒன்பதாம் நாள் காலையில் காய்ச்சல் அனலாக அடித்தது. கட்டைப் பிரித்தபோது வந்த நாற்றத்தில் அத்தை வெளியே ஓடினார். டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்தால் நல்ல செய்தி இல்லை என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

"இனி வெச்சுக்க முடியாதுங்க. முழங்காலைக் காப்பாத்தித் தர்றேன். முழங்கால் இருந்தா செயற்கைக் கால் மாட்டி நல்லா நடக்கலாம். நாளைக்குன்னு தள்ளினா முழங்காலும் போயிரும்."

நான் அழுதேன். தேவி கையெழுத்துப் போட்டாள். அன்று மத்தியானமே எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததை நான் மயக்கம் தெளியும் நேரத்தில் பாதியும், தேவி சொல்லிப் பாதியுமாக அறிந்தேன். எடுத்த காலை என்ன செய்வது என்று நர்ஸ் கேட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியிலேயே எரிக்க அனுப்பலாம், அல்லது கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். அத்தை விடவில்லை. "உசுரோட இருக்கறவன் ஒடம்புல தீ வெக்கறதா? அபசகுனம் புடிச்ச பேச்சு. பொதைக்கத்தான் வேணும்." வாங்கியாயிற்று. யார் கொண்டுபோவது? மாமனார் தொடவில்லை. தேவியின் தம்பி அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததும் வாந்தி எடுத்தான். வேன் டிரைவர் வண்டியில் ஏற்ற மாட்டேன் என்றான். அப்போது மாமனாருக்கு, மருந்துக் கடைக்குப் பக்கத்தில் நிற்பவன் ஞாபகம் வந்திருக்கிறது.

"நீதான கெடுத்த? நீயே கொண்டுபோய்ப் பொதை."

ஜெபராஜ் வாங்கிக்கொண்டான். பெருமாநல்லூருக்குப் பக்கத்தில் மாமனாருக்கு ஒரு கொறங்காடு இருக்கிறது, ஆடு மாடு மேய விட்டிருக்கும் வேலி போட்ட வறண்ட நிலம். அவ்வளவு தூரமும் என் காலைத் தன் சைக்கிள் கேரியரில் வைத்து, நல்ல வெயிலில், மெயின் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனான். கடப்பாரையும் அவனே தேடி வாங்கிக் குழி தோண்டினான். நாய் கிளறாமல் இருக்க மேலே கல் அடுக்கினான். துணை என்று ஒருவரும் போகவில்லை.

இதற்கு மேல் ஒரு மனிதனைப் படுத்த முடியாது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கால் எடுத்த மூன்றாம் நாள், இல்லாத காலில் வலி தொடங்கியது. இதைப் பட்டால்தான் புரியும். கால் இருந்த இடத்தில் படுக்கை விரிப்பு தட்டையாகக் கிடக்கிறது. ஆனால் அங்கே ஐந்து விரல்களும் உள்பக்கம் மடங்கி, யாரோ முறுக்கிப் பிடித்த மாதிரி வலிக்கிறது. பெருவிரலை நீட்டிவிட்டால் சரியாகிவிடும் போலிருக்கிறது. நீட்டுவதற்கு விரல் இல்லை. டாக்டர் காலையிலேயே விளக்கினார். "கால் போனது மூளைக்கு இன்னும் தெரியாதுங்க. அறுந்த நரம்பு பழைய செய்தியையே அனுப்பிட்டிருக்கு. ஃபேன்டம் பெயின்னு சொல்லுவோம். மாத்திரை தர்றேன், மெல்ல மெல்லக் குறையும். வேற ஒண்ணுமில்லை." எனக்கு நன்றாகவே புரிந்தது. நான் பட்டதாரி.

மத்தியானம் அத்தை இட்லியோடு வந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து என்ன என்று கேட்டார். விரலெல்லாம் மடங்கி இழுக்கிறது என்றேன்.

அத்தை தட்டைக் கீழே வைத்தார். "அட கருமமே! அவன் காலைக் கோணலாப் பொதச்சிருப்பான் மாப்ள. எங்கூர்ல ஒருத்தருக்கு இப்படித்தான் ஆச்சு. கையை மடக்கிப் பொதச்சுப்போட்டாங்க, மனுசன் ராவும் பகலும் துடிச்சாரு. அப்புறம் தோண்டி நேரா வெச்சாங்க, நின்னுது. ஏன் மாப்ள, அப்படித்தான் இருக்குமோ?"

இல்லை அத்தை, இது நரம்பு என்று சொல்ல நான்கு சொற்கள் போதும். டாக்டரின் குரல் காதில் அப்படியே இருந்தது. ஆனால் அந்த வலிக்குப் பழி சொல்ல வெளியே ஒரு ஆள் எனக்கு வேண்டியிருந்தான். இதுவும் அவன் செய்தது என்று ஆகிவிட்டால், முன்பு சொன்னதும் உண்மை மாதிரி ஆகிவிடும் அல்லவா?

"அப்படித்தான் இருக்கும் அத்தை" என்றேன்.

மாமனார் போன் செய்தார். மறுநாள் காலை ஜெபராஜ் கொறங்காட்டுக்குப் போய், கல்லை அகற்றி, மூன்று நாள் ஆன குழியைத் தோண்டினான். நான் அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் ஹார்லிக்ஸ் குடித்துக்கொண்டிருந்தேன். மணியைப் பார்த்து, இப்போது தோண்டியிருப்பான், இப்போது துணியைப் பிரித்திருப்பான் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே முழுவதையும் குடித்து முடித்தேன்.

முதல் நாளுக்குப் பிறகு, அன்று மத்தியானம் மூன்று மணிக்குத்தான் அவனை அறைக்குள் விட்டார்கள். தேவி மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள். மற்ற இருவரும் பில் கவுன்டரில். எங்கேயோ குளித்துவிட்டு வந்திருந்தான், தலை ஈரமாக இருந்தது. எத்தனை சோப்புப் போட்டானோ, அறை முழுக்க அந்த வாசனைதான். தோளில் துணிப் பை. சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போகிறான் என்று புரிந்தது.

"நேராத்தான்ணே இருந்துச்சு" என்றான். "அன்னைக்கே நேராத்தான் வச்சிருந்தேன். எதுக்கும் இன்னொருக்க ஒவ்வொரு வெரலா நீட்டி வச்சிட்டு மூடிட்டு வந்திருக்கேன். இப்ப எப்படி இருக்குண்ணே?"

வலி அப்படியே இருந்தது. "பரவாயில்லை" என்றேன். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு குரலைத் தாழ்த்திப் பேசினான். "அன்னைக்கு நீங்க இறுக்கச் சொன்னப்ப நான் மாட்டேன்னு நின்னுருக்கணும்ணே. வலியில இருக்கவுங்க என்னத்தையும் சொல்லுவாங்க. எனக்குத்தானே அது என்ன செய்யும்னு தெரியும். தெரிஞ்சும் பயந்துட்டேன்."

"எதுக்குப் பயந்தே?"

"நீங்க எழுதிருவீங்கன்னுதாம்ணே."

நான் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. மாமனார், அத்தை, பின்னால் தேவி. ஜெபராஜ் சட்டென்று பேச்சை நிறுத்திக்கொண்டான். அவன் நினைத்திருந்தால் அந்த இடத்தில் ஒரே வரியில் என்னை முடித்திருக்கலாம். இரண்டு வாரமாக அந்த வரி அவன் வாயில் இருந்தது. அவன் கட்டிலைச் சுற்றி வந்து, எல்லோருக்கும் முன்னால், என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். உள்ளங்கை முழுக்கக் கடப்பாரைக் கொப்புளம்.

"என்னைய மன்னிச்சிருங்கண்ணே."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். தேவி கையில் மாத்திரைக் கவரோடு என் முகத்தையே பார்த்தாள். சொல்வதற்கு அதை விட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது.

"மன்னிச்சுட்டேன்" என்றேன். "போ."

"எம் மாப்பிள்ளைக்குப் பெரிய மனசு" என்றார் மாமனார்.

ஜெபராஜ் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு என்னைக் கும்பிட்டான். "ரொம்ப நன்றிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.